உரம் விழுந்த குழந்தை

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷம் யோசித்தேன். ஒவ்வொரு வருஷமும் என் மகள் ரேணுகாவின் பிறந்தநாளன்று படவேட்டம்மன் படத்துக்குப் பூ வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்து, சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வரி எழுதுவேன். வெட்கம் வந்துவிடும். மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். வாணியம்பாடியில் ஒரு பாய் சொல்லிக்கொடுத்த பிரியாணிதான் என் சொத்து. எனக்கு எழுத்து வருமா என்பது ஒரு தயக்கம். நாங்கள் செய்த கூத்தை நாங்களே ஊரெல்லாம் சொல்வதா என்பது அதைவிடப் பெரிய தயக்கம்.

போன மாதம் ஒரு போன் வந்தது. செங்கத்தில் இருக்கும் தூரத்து உறவு மாமா. வருஷக்கணக்கில் பேசாதவர். எடுத்ததும் தழுதழுத்த குரல்.

"இன்னாப்பா ஏழுமல, எனுக்கு யாருமே சொல்லலியே. நேத்துதான் காதுல வுழுந்துச்சி. மனச தேத்திக்கோ."

"இன்னா மாமா ஆச்சி? யாருக்கு?"

"உன் கொழந்ததாம்பா. அந்த ஊரு உரத்த துன்னுட்டு பூட்ச்சாமே. வெளிநாட்டு உரம்லாம் ரொம்ப வெசம்பா."

என் எதிரில் அந்த 'போய்விட்ட' குழந்தை நாலாவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தது.

"யாருப்பா போன்ல?" என்றாள்.

"நம்ம மாமா. நீ செத்துட்டியாம்."

"அப்படியா?" என்று யோசித்துவிட்டு, "சட்னி இன்னும் இருக்கா?" என்றாள்.

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி.

2

என் மனைவி தேவகிக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே தவறிவிட்டார்கள். அக்கா பச்சையம்மாதான் அவளை வளர்த்தது. பச்சையம்மா அக்கா வாழ்க்கைப்பட்டது ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே. அக்காவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மலை இறங்கினால் போளூர் வரைக்கும்தான். அதற்கு மேல் உலகம் உண்டு என்பதை டிவியில் பார்த்து ஒத்துக்கொண்டவர்.

அதனால் எங்கள் குழந்தை பிறந்தபோது உதவிக்கு ஆள் இல்லை. ஆனால் அக்கா விடவில்லை. அப்போது அவங்க வீட்டில் டவர் எடுக்காது. பஸ் திரும்புகிற வளைவில் ஒரு பாறை இருக்கும். அதன்மேல் ஏறி நின்றால் எடுக்கும். எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணி என்றால் அங்கே நாலரை. தினமும் அந்த நேரத்துக்கு அக்கா பாறைமேல் ஏறிவிடுவார். மலையில் யாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று கத்துவார்.

"தேவி! காதுல பஞ்சு வெச்சிக்கினியா? காத்து பூந்துடப் போவுது! பூண்டு துன்னு! தண்ணி மட்டும் கொஞ்சமா குடி, வவுறு வந்துடும்!"

தேவகி அப்படியே கேட்டாள். வெளியே பனி. உள்ளே ஹீட்டர் முழு வேகத்தில். ஜன்னல் எல்லாம் அடைப்பு. காதில் பஞ்சு. மிளகு ரசமும் சோறும் பூண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர்.

இந்த நாட்டில் பிரசவம் ஆன வீட்டுக்கு மருத்துவச்சியே தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். நல்ல வழக்கம். ஆனால் மாசமாக இருக்கும்போதே போன் போட்டுச் சொல்லி வைக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. பிள்ளை பிறந்த பிறகு போன் போட்டால் எல்லாருமே "இடம் இல்லை, மன்னியுங்கள்" என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். அதில் ஒன்றில், இன்டர்நெட்டில் மருத்துவச்சியிடம் எழுதிக் கேட்கலாம், எந்த மொழியில் எழுதினாலும் மிஷினே மாற்றிக் கொடுத்துவிடும், படிப்பதற்குத் தமிழிலும் பக்கங்கள் இருக்கின்றன என்று இருந்தது. எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாயே, கடல் தாண்டியும் எங்கள் பாஷையில் பேச ஒரு வழி வைத்தாயே என்று அம்மன் படத்துக்கு முன்னால் போனை வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

பால் கொடுப்பது எப்படி என்ற பக்கத்தைத் திறந்தோம். நான்தான் படித்தேன். "குழந்தையைக் கால்பந்து போலப் பிடிக்கவும்."

தேவகி என்னைப் பார்த்தாள். "இன்னாங்க இது? பந்து மாதிரியா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கால்ல ஒதைக்கறதத்தானே நம்ம ஊர்ல பந்துன்றாங்க. மூடி வைங்க அத."

மூடி வைத்தோம்.

3

பன்னிரண்டாம் நாள். திங்கட்கிழமை, எங்கள் கடைக்கு விடுமுறை. நல்ல பகல் வெளிச்சம். குழந்தை அழுகிறாள், அழுகிறாள், அப்படி அழுகிறாள். தலையை வலது பக்கமே வைத்துக்கொள்கிறாள். இடது பக்கம் திருப்பினால் வீறிடுகிறாள். ஒரு பக்கம் பால் குடிக்கிறாள், இன்னொரு பக்கம் வாயே வைப்பதில்லை. எடை ஏறவில்லை என்று டாக்டர் முந்தின வாரமே முகத்தைச் சுளித்திருந்தார். அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

தேவகி மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. அன்று காலையில் பேசினாள்.

"ஏங்க, நான் ஊருக்கே போய்டறேன். எனுக்கு கொழந்த வளக்கத் தெரியல. இந்தக் கொழந்தைக்கி என்னைப் புடிக்கல."

அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அக்கா பாறை ஏறினார். குழந்தையின் அழுகையைப் போனில் கேட்டார். தலை எந்தப் பக்கம், பால் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். நொடியில் தீர்ப்பு.

"அடியே, ஒரம் வுழுந்திருக்குடி! தம்பி, கேக்குதா? கொழந்தைக்கி கழுத்துல ஒரம் வுழுந்துடுச்சி. ஒரம் எடுக்கணும். மொறத்துல பொடவைய விரிச்சி, கொழந்தைய படுக்க வெச்சி, மூணு தபா வுருட்டுனா சரியா பூடும். தெரிஞ்சவங்க கையால செய்யணும். யாருன்னா இருக்காங்களா பாரு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உரம் விழுதல் என்றால் எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்குக் கழுத்திலோ முதுகிலோ பிடிப்பு விழுந்துவிடுவது. முறம் என்பது அரிசி புடைக்கிற முறமேதான்.

ஜெர்மனியில் முறத்துக்கு எங்கே போவேன்? கடைக்கு ஓடி, என்னிடம் இருந்த சாவியால் திறந்து, ரொட்டி சுடுகிற அகலத் தட்டு ஒன்றை எடுத்து வந்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தேவகி தன் பழைய புடவையை மடித்து அதில் விரித்தாள். தட்டு தயார். உருட்டுகிற கை யாருடையது? எனக்குப் பயம். தேவகிக்கு என்னைவிடப் பயம். அப்போதுதான் அந்த இன்டர்நெட் மருத்துவச்சி ஞாபகம் வந்தார். பெரிய நாடு, எல்லா வேலையும் தெரிந்தவர்கள், உரம் எடுக்கத் தெரியாமலா இருப்பார்கள் என்று தமிழில் தட்டினேன்.

"வணக்கம் அம்மா. பன்னிரண்டு நாள் குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது."

உடனே பதில் வந்தது. "எவ்வளவு உரம் விழுந்தது?"

எவ்வளவு என்றால் என்ன சொல்வது? "அளவு தெரியவில்லை. கழுத்தில் விழுந்திருக்கிறது."

"கண்ணிலோ வாயிலோ பட்டதா?"

"இல்லை. ஆனால் பால் குடிக்கவில்லை."

"எப்போது விழுந்தது?"

"மூன்று நாளாக இருக்கிறது."

பிறகு, "மூன்று நாளாகவா? இன்னும் எடுக்கவில்லையா?"

"இல்லை. எடுக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை."

"தயவுசெய்து உடனே தண்ணீரில் கழுவுங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வேறு மாதிரி வைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாகவே விளக்கினேன். "அம்மா, கழுவினால் உரம் போகாது. தட்டில் வைத்து உருட்ட வேண்டும். தட்டு தயாராக இருக்கிறது."

அடுத்த வரி: "எதுவும் செய்யாதீர்கள். உங்கள் முகவரி கொடுங்கள். ஆள் அனுப்புகிறோம்."

"தேவகி!" என்று கத்தினேன். "பாத்தியா, எவ்ளோ நல்லவங்க! உரம் எடுக்க வூட்டுக்கே ஆள் அனுப்பறாங்களாம்!"

தேவகி மூன்று நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

4

டீ கொதிக்கும் முன் தெருவில் சைரன் சத்தம். எங்கள் வாசலில் நின்றது.

இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒரு வாட்டசாட்டமான ஆள், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கையில் உறை, முதுகில் பெரிய பை. நான் கும்பிட்டேன். அவர்கள் கும்பிடவில்லை. நேராகக் குழந்தையிடம் போய், துணியை அவிழ்த்து, கண்ணைப் பார்த்து, வாயைப் பார்த்து, மோந்து பார்த்தார்கள். அந்த ஆள் என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்தது சமையல்கட்டு ஜெர்மன். உப்பு, வெங்காயம், சீக்கிரம், ரெண்டு பிளேட். அவர் கேட்டதில் ஒரே வார்த்தை புரிந்தது. "டூங்கர்?"

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்! குளிருக்காக உள்ளே கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலைச் செடிக்கு நான் வாங்கிய பையில் அதுதான் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கேட்டதும் தெரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் சமையல்கட்டு மூலையிலிருந்து பையைத் தூக்கிவந்து காட்டினேன். "யா, யா! டூங்கர்!"

இரண்டு பேர் முகமும் மாறிப்போனது. பை அரைவாசி காலி. பக்கத்தில் மேஜைமேல் ரொட்டித் தட்டு, அதில் மடித்த புடவை. ஒரு காதில் பஞ்சு விழுந்து, இன்னொரு காதில் பஞ்சோடு நிற்கிற தாய். வீறிட்டு அழுகிற குழந்தை.

அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. உரம். செடிக்குப் போடுகிற உரம். அட தாயே, மிஷின் இதையா மாற்றிக் கொடுத்தது? மூன்று நாளாகக் குழந்தையின் கழுத்தில் உரத்தைக் கொட்டி, கழுவாமல், தட்டில் வைத்து உருட்டப் போகிறேன் என்றா இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

விளக்கவும் பாஷை இல்லை. "நோ டூங்கர், நோ டூங்கர்" என்கிறேன், கையில் டூங்கர் பையோடு.

அந்த ஆள் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். இந்த நாட்டில் பிள்ளையைச் சரியாகப் பார்க்காத வீட்டிலிருந்து பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று கடையில் சொல்லிக் கேட்டிருந்தேன். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வதந்தி என்று தெரியாது.

"குழந்தையின் பெயர்?" என்று கேட்டார். இது புரிந்தது.

பெயர் வைக்கவில்லை. ஊரில் நட்சத்திரம் பார்த்து எழுத்து சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தோம். பதிவு ஆபீசிலும் வேலை நின்று போயிருந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடம் காலி. "குடும்பத்துக்குப் பெயர் இல்லாமல் எப்படிக் குழந்தைக்குச் சான்றிதழ் தருவது?" என்று அந்த ஆபீசர் அம்மா கேட்டபோது, எங்கள் பக்கம் அப்பா பேர்தான் முன்னால் நிற்கும், பின்னால் ஒன்றும் நிற்காது என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பெயர் இல்லை, சான்றிதழ் இல்லை, குழந்தை எங்களுடையது என்று அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர் பெயர் என்கிற இடத்தில் ஒரு கோடு போடப் போனார்.

தாயே, உன் பேரையே வைக்கறேன், இவள எங்கிட்டயே வுட்டுடு என்று மனசுக்குள் சொன்னேன். படவேட்டம்மனின் பேரை வாய் சத்தமாகவே சொல்லிவிட்டது. "ரேணுகா!"

அவர் நிமிர்ந்தார். "ரேணுகா... பிறகு?"

"ஏழுமலை," என்றேன். "ரேணுகா ஏழுமலை."

எழுதிக்கொண்டார். தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். "ரேணுகா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எங்கள் மகளுக்குப் பெயர் சூட்டு விழா அதுதான். வந்தவர்கள் ஆம்புலன்ஸ்காரர்கள்.

5

நான் செய்ய முடியாததைத் தேவகி செய்தாள். உரப் பையை என் கையிலிருந்து பிடுங்கி மூலையில் வைத்தாள். கண்ணாடி போட்ட அம்மாவின் எதிரில் நின்று, தன் கழுத்தை வலது பக்கம் சாய்த்து, இடது பக்கம் திருப்பப் பார்த்து, முகத்தைச் சுளித்து, குழந்தை மாதிரியே "ங்ஞா" என்று அழுதுகாட்டினாள். பிறகு குழந்தையைக் காட்டினாள். திரும்ப ஒரு தடவை "ங்ஞா".

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். குழந்தையின் தலையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். புரிந்தது என்று தன் தலையை ஆட்டினார். போனை எடுத்து, எங்களோடு எழுத்தில் பேசின மருத்துவச்சியை வீடியோவில் கூப்பிட்டார்.

அப்படித்தான் கிறிஸ்டா அம்மா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். நரைத்த தலை, சிவந்த கன்னம். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. பிறகு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு! ஆம்புலன்ஸை வரவழைத்தது நாங்கள், மன்னிப்பு அவர்!

அன்றே குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். கழுத்தில் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தது, வயிற்றில் இருந்த இருப்பில் அப்படி ஆகும், மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்றார். ஆக, பச்சையம்மா அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைமேல் நின்றுகொண்டு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குழந்தைக்கு உரம்தான் விழுந்திருந்தது. முறத்தில் உருட்டுவது மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். பச்சைக் கழுத்து, குலுக்கினால் பெரிய ஆபத்து என்று கையால் காட்டிச் சொன்னார். நான் அந்தத் தட்டை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கிறிஸ்டா அம்மா தன் லீவு நாளில், பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். உள்ளே நுழைந்ததும் "சூடு!" என்று ஜன்னலைத் திறந்தார். தேவகியைக் கையால் கேட்டார், தண்ணீர் எவ்வளவு? தேவகி இரண்டு விரல் காட்டினாள். அவர் ஒரு கூஜாவை நிரப்பி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தாகம் எடுக்கும்போதெல்லாம் என்று சொல்லி நகர்ந்தார். பூண்டையும் ரசத்தையும் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு தம்ளர் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு தம்ளர் கேட்டார்.

பிறகு குழந்தையை எடுத்து, தேவகியின் பக்கவாட்டில், கைக்குக் கீழே, கால் முதுகுப்பக்கம் போகிற மாதிரி வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் காட்டினார். "புட்பால்," என்றார்.

தேவகி ஒரு நொடி பார்த்தாள். அவள் முகம் விரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

"அட! இது பந்தா? கொடம்ங்க! தண்ணிக் கொடத்த இடுப்புல இடுக்கறோமே, அப்படி! இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா?"

மலைமேல் அக்கா வீட்டில் வளர்ந்தவள். ஆறு வயதிலிருந்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவள். குடம் இடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுக்கினாள். ரேணுகா, கழுத்தைத் திருப்பாமலே, அந்த வேண்டாத பக்கத்தில் வாய் வைத்தாள். குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள்.

தேவகி அப்போதுதான் அழுதாள். கிறிஸ்டா அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெற்ற பிறகு மனசு இப்படி இருட்டிப்போவது நிறைய பேருக்கு வரும், உன் குற்றம் இல்லை, ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் என்னிடம் சொல்லியே ஆகணும் என்று மிஷின் வழியாகவே சொன்னார். அந்தத் தடவை மிஷின் சரியாக மாற்றிக் கொடுத்தது. அதற்கும் அம்மனுக்கு ஒரு கும்பிடு.

போகும்போது ஒரு சின்ன நோட்டை எடுத்து, உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர் என்று கழுத்தைத் தொட்டுக் கேட்டார். "உரம்," என்றாள் தேவகி. எழுதிக்கொண்டார். அந்த இன்டர்நெட் பக்கத்தில் தமிழைத் திருத்துகிற வேலை அன்றைக்குத் தொடங்கியது. இன்றைக்கு வரைக்கும் என் மனைவிதான் செய்கிறாள், சேவையாக. பத்தாவது படித்தவள். அந்தப் பக்கத்தில் கால்பந்து போய்க் 'குடம் பிடி' வந்துவிட்டது. உரத்துக்கு நேராக, 'இது செடி உரம் அல்ல, பதற வேண்டாம்' என்று ஜெர்மனில் போட்டிருக்கிறார்கள்.

6

ரேணுகா இப்போது வகுப்பிலேயே உயரமான பெண். "உரம் போட்டு வளத்தேன் இல்ல," என்பேன். பள்ளிக்கூடத்தில் 'ழ' வாயில் வராமல் எல்லாரும் அவளை ஏலுமலை என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் ஒரு பேர் மொத்தக் குடும்பத்துக்கும் பேர் ஆகிவிட்டது. தேவகியும் ஆபீஸ் காகிதத்தில் திருமதி ஏலுமலை.

தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் ஜெர்மன். தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாள். கோயிலுக்குக் கூப்பிட்டால், எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் கேட்பாள். மனசு கொஞ்சம் சுருக்கென்னும். ஆனால் பரீட்சைக்குப் போகும்போது மட்டும், நான் சொல்லாமலே, அம்மன் படத்தைப் பார்த்து, "என் பேர் வெச்சிருக்கிற சாமி, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அவள் பேரைச் சாமி வைத்திருக்கிறதாம்! நான் திருத்துவதில்லை. அம்மன் கோபிக்க மாட்டாள்.

7

இனி அந்தக் கடைசி விஷயம்.

செங்கத்து மாமா துக்கம் விசாரித்த பத்தாம் நாள், பச்சையம்மா அக்காவின் மகள் மஞ்சுளாவிடமிருந்து மெசேஜ். மலைமேலேயே கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவம். திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து, மாமியார் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். இப்போது மலையில் வீட்டுக்குள்ளேயே டவர் எடுக்கிறது.

"சித்தி, கொழந்தைக்கி ஒரம் வுழுந்துடுச்சி. தல ஒரே பக்கம். பால் சரியா குடிக்கல. அத்தை மொறத்துல எடுக்கணும்னு சொல்றாங்க. எனுக்கு பயமா கீது."

தேவகி கையில் இருந்த மாவுக் கரண்டியைப் போட்டுவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள். மஞ்சுளா பின்னால், சுவரில் சாய்த்து முறம். புடவை விரித்து ரெடி. மாமியார் அம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"சம்பந்தியம்மா, உரம்தான், நான் இல்லன்னு சொல்லல," என்றாள் தேவகி. "உருட்ட மட்டும் வேணாம். ஆஸ்பத்திரி நர்சுக்கு போன் போட்டுட்டு, நான் சொல்ற மாதிரி பால் குடுக்கச் சொல்லுங்க."

"நாலு பெத்தேன்மா. நாலும் மொறத்துல வுருட்டுனதுதான். நாலும் கல்லு மாதிரி கீது."

"உங்க கை நல்ல கை. ஆனா ஒரு கொழந்த கழுத்து மாதிரி இன்னொன்னு இருக்காது. டாக்டரே சொன்னாங்க."

மாமியார் அம்மா முகம் ஒரு மாதிரி ஆனது. எங்களைப் பார்க்காமல் சொன்னார். "தப்பா எடுத்துக்காத. உன் கொழந்தைக்கி ஒரம் எடுக்காம வுட்டுட்டுத்தானே அது பூட்ச்சி? நீ எனுக்கு சொல்றியா?"

"அது நல்லாதான் கீது அத்தை," என்று மஞ்சுளா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன் அக்கா மலையில் சொன்னது 'ஆம்புலன்ஸ் வந்துச்சி, கொழந்த நல்லா கீது' என்பதுதான். போளூர் பஸ்ஸில் அது 'கொழந்த மேல உரம் கொட்டிடுச்சி' ஆனது. போளூரிலிருந்து செங்கத்துக்குப் போகும்போது குழந்தை உரத்தைத் தின்று செத்துவிட்டது. செங்கத்திலிருந்து மலைக்குத் திரும்பி ஏறும்போது, உரம் எடுக்காததால்தான் செத்தது என்று ஆகிவிட்டது. நாங்கள் வெட்கப்பட்டு மூடி வைத்த கதை, எங்களுக்கு முன்னால் போய் மஞ்சுளா வீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதையை நம்பித்தான் முறம் சுவரில் சாய்ந்திருக்கிறது. நாங்கள் வாய் திறந்து சொல்லியிருந்தால் அது சாய்ந்திருக்காது.

நான் ரேணுகாவைக் கூப்பிட்டேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலோடு வந்தாள். காதில் சொன்னேன். போனுக்கு முன்னால் நின்றாள்.

"வணக்கம். நான்தான் செத்துப்போன குழந்தை," என்றாள்.

மாமியார் அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"என்னை யாரும் உருட்டல. பாருங்க," என்று கழுத்தை இடது பக்கம் திருப்பினாள். வலது பக்கம் திருப்பினாள். மேலே, கீழே. தலையாட்டிப் பொம்மை மாதிரி சுற்றிக்காட்டினாள். நாக்கையும் நீட்டினாள், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமியார் அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஆத்தாடி! இதுவா? எம்மாம் ஒசரம் கீது பாரு!" என்று கத்தினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நான் பாவி, ஊரெல்லாம் உன்ன சாவடிச்சிட்டனே, என் கண்ணு!"

பிறகு ஒன்றும் கஷ்டம் இல்லை. "மஞ்சு, கொடம் இடுக்கறியே, அப்படி இடுக்கு," என்றாள் தேவகி. மஞ்சுளா இடுக்கினாள். பின்னாலிருந்து மாமியாரே கையைத் திருத்திவிட்டார். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குடி, கொடம் வழியப்போவுது." குழந்தை வாய் வைத்தது. போனில் கேட்டது அந்தச் சின்ன மடக்கு மடக்குச் சத்தம்.

மறுநாள் நர்ஸ் வந்து பார்த்தார். டாக்டரும் பார்த்தார், எங்களுக்குச் சொன்னதையே சொன்னார். மாமியார் அம்மா முறத்தைத் தூக்கிப்போட மனசில்லாமல் கேட்டார், இத்த இன்னா செய்யறது என்று. "பேர் வைக்கற அன்னைக்கி சாமைய பரப்பி, மேல துணி போட்டு படுக்க வைங்க. ஆட்டாதீங்க, அவ்ளோதான்," என்றாள் தேவகி. போன வாரம் போட்டோ வந்தது. முறத்தில் மலைச் சாமை, அதன்மேல் மஞ்சள் துணி, நடுவில் வாயைத் திறந்து தூங்குகிற பையன். தலை இடது பக்கம் திரும்பியிருந்தது.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை மூடி வைக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிள்ளை பெற்ற வீடு எங்கே இருந்தாலும் இதை அனுப்புங்கள். போளூர் பஸ்ஸில் படித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். சுருக்க வேண்டாம், நல்லா இருக்கட்டும் என்று ஒன்றும் சேர்க்க வேண்டாம், வேறு பாஷைக்கு மிஷினில் போட்டு மாற்றவே வேண்டாம். உரம் என்று இருக்கிற இடத்தில் உரம் என்றே இருக்கட்டும். மலையில் கிளம்புகிற ரேணுகா, செங்கம் போய்ச் சேரும்போதும் இட்லி தின்றுகொண்டே இருக்க வேண்டும்.